காதில் மாட்டிக்கொண்டு சொன்ன ரகசியம்

பொருளோடு வரும் கையேட்டை யாரும் படிப்பதில்லை. இது மற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவற்றைத் தமிழில் எழுதுவதுதான் என் பிழைப்பு. துணி துவைக்கும் மெஷின், மிக்ஸி, தண்ணீர் சுத்தம் செய்யும் பெட்டி என்று எத்தனையோ சாமான்களுக்கு "ஈரக் கையால் தொடாதீர்கள்" என்று எழுதியிருக்கிறேன். மக்கள் ஈரக் கையால்தான் தொடுகிறார்கள். ஆனாலும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு நம்பிக்கை விட்டுப்போவதில்லை. மனிதர்களுக்குள் நடக்கும் எல்லாச் சண்டைக்கும் காரணம் தெளிவான கையேடு இல்லாததுதான் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை தலைக்கேறியிருந்த வயதில், நானும் என் மனைவி நித்யாவும் சேலத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஏற்காடு மலைக்குக் குடிபோனோம்.

நாகலூர் போகும் வழியில் காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஒரு பழைய எஸ்டேட் பங்களா. அதைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு ஐந்தாறு குடும்பங்களும் சில தனியாட்களும் ஒன்றாக வாழ்ந்து வந்தார்கள். ஒரே சமையலறை, ஒரே சாப்பாட்டு மேசை, முறை வைத்துச் சமையல், முறை வைத்துப் பாத்திரம் கழுவுதல். படுக்க மட்டும் அவரவருக்கு அறை. கூட்டுக் குடித்தனம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். (என் மாமனார் கடைசிவரை அதை "ஹாஸ்டல்" என்றுதான் சொன்னார். "மாப்ள, ஹாஸ்டல்ல சாப்பாடு பரவால்லீங்களா?")

அங்கே ஒரு விதி இருந்தது. அறைக்குள் யாரும் டிவி வைத்துக்கொள்ளக் கூடாது. ஆளுக்கொரு டிவி வந்தால் ஆளுக்கொரு கதவு சாத்திக்கொள்ளும், அப்புறம் கூட்டாவது குடித்தனமாவது என்பது ஆரம்பித்தவர்களின் எண்ணம். அதனால் ஒரே டிவி, அதுவும் பொது ஹாலில். நல்ல கொள்கைதான். சிக்கல் என்னவென்றால் சாப்பாட்டு மேசையும் அதே ஹாலில்தான் இருந்தது. புத்தக அலமாரியும் அங்கேதான். கேரம் போர்டும் அங்கேதான். மழைக்காலத்தில் துணி காயப்போடும் கொடியும் அங்கேதான்.

டிவியின் மீது முதல் உரிமை ராஜாமணி அக்காவுக்கு. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரசவ வார்டில் வேலை பார்த்த குரல். சீரியல் ஓடும்போது அந்தக் குரல் திரையில் இருப்பவர்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே இருக்கும். அடுத்த உரிமை பழனிச்சாமி அண்ணனுக்கு. மலைப்பாதையில் பஸ் ஓட்டியே வாழ்நாளைக் கழித்தவர். என்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததில் காது பாதி போய்விட்டது. செய்தி விவாதங்களை அவர் வைக்கிற சத்தத்தில், ஜன்னலுக்கு வெளியே காப்பிச் செடியில் உட்கார்ந்திருக்கும் குருவிகூட எழுந்து அடுத்த எஸ்டேட்டுக்குப் போய்விடும்.

எதிர் அணியில் லலிதா. பள்ளிக்கூட ஆசிரியை. நாளெல்லாம் பிள்ளைகளின் கூச்சலில் இருந்துவிட்டு வருகிறவருக்கு, சாப்பிடுகிற நேரமாவது அமைதி வேண்டும்.

"அக்கா, சத்தத்தக் கொஞ்சம் கொறைங்களேன். ரசத்துல உப்பு இருக்குதா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது."

"சத்தத்துக்கும் உப்புக்கும் என்ன கண்ணு சம்பந்தம்?" என்பார் ராஜாமணி அக்கா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"மனசு அந்தப் பொம்பள அழுவறதுலயே இருக்குதுங்க. நாக்கு வேலை செய்யறதில்ல."

முதலில் சிரித்துக்கொண்டுதான் இதெல்லாம் நடந்தது. பிறகு லலிதா தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போக ஆரம்பித்தார். அவரைப் பார்த்து இன்னொரு குடும்பம் போனது. லலிதா போனதில் கோபித்துக்கொண்டு, "எங்களால யாரும் பட்டினி கெடக்க வேண்டாம்" என்று ராஜாமணி அக்காவும் ஒருநாள் தட்டோடு எழுந்து போனார். இருபது பேர் உட்காரும் மேசையில் ஒரு மதியம் நானும் நித்யாவும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். டிவி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, இதுக்கு நாம சேலத்துலயே இருந்திருக்கலாமே. அங்கயும் இப்படித்தான் ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துட்டு சாப்பிட்டோம்" என்றாள் நித்யா. அவள் சிரிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் குத்தகையும் முடியப் போகிறது என்ற செய்தி வந்தது. பங்களாவின் சொந்தக்காரர் தெய்வானையம்மாள், சேலத்தில் இருந்தார். எஸ்டேட் அம்மா என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவருடைய மகன் கார்த்திக்குக்கு பங்களாவை இடித்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு வரிசையாகக் காட்டேஜ் கட்ட வேண்டும் என்று ஆசை. அம்மாவுக்கு அதில் முழு மனதில்லை என்று கேள்வி. நாங்கள் அந்த முழுமையாகாத மனதைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம்.

எஸ்டேட் அம்மா ராஜாமணி அக்காவுக்குப் போன் செய்தார். போனை அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"பக்கத்து எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டரு சொல்றாரு, உங்க பக்கம் பொழுதன்னிக்கும் ஒரே சத்தமாமா. கல்யாண மண்டபமாட்ட இருக்குதுன்றாரு. நாங்க நேர்ல வந்து பாத்துப்போட்டு, குத்தகையப் பத்தி அப்பறம் பேசிக்கலாமுங்க."

போன் வைக்கப்பட்டதும் ஹாலில் அப்படி ஓர் அமைதி. லலிதா ஆசைப்பட்ட அமைதி. ஆனால் அவருக்கும் அது பிடிக்கவில்லை.

அன்று மாலையே எல்லோரும் மேசையைச் சுற்றிக் கூடினோம். டிவியை விற்றுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். "டிவி போற வண்டியிலயே என்னையும் ஏத்தி உட்ருங்க" என்றார் ராஜாமணி அக்கா. பழனிச்சாமி அண்ணன் யாரையும் பார்க்காமல், "எனக்கு என்னமோ சத்தமா இருக்கறமாதிரியே தெரியலீங்க" என்றார். அவருக்கு எப்படித் தெரியும்?

அப்போது நான் எழுந்தேன். எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம் என்று நித்யா இன்றைக்கும் சொல்வாள்.

"சத்தம்தானே பிரச்சினை? டிவி இருக்கட்டும். சத்தத்த மட்டும் எடுத்துடலாம்" என்றேன்.

சில நாட்களுக்கு முன்னால்தான் ஒரு கம்பெனி எனக்கு ஓர் அட்டைப்பெட்டி நிறைய ஹெட்போன்களை அனுப்பியிருந்தது, கையேடு எழுதுவதற்காக. சின்னப் பெட்டி ஒன்றை டிவியோடு இணைத்துவிட்டால், வயர் இல்லாமலேயே சத்தம் எல்லா ஹெட்போனுக்கும் போய்விடும். டிவி ஊமையாக இருக்கும். வேண்டியவர் காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாம். வேண்டாதவர் நிம்மதியாக ரசத்தில் உப்பைத் தேடலாம். காதை முழுதாக மூடும் கனத்த மெத்தை வைத்திருந்தார்கள். வெளிச்சத்தம் துளியும் உள்ளே வராது. மாட்டியிருக்கிறோம் என்பதற்கு அடையாளமாகக் காதோரம் ஒரு நீல விளக்கு எரியும்.

அந்தக் கையேட்டில் ஓர் எச்சரிக்கையும் எழுதியிருந்தேன். "இதை அணிந்திருக்கும்போது பிறருடன் பேசுவதைத் தவிர்க்கவும். உங்கள் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதை உங்களால் உணர முடியாது." நானே எழுதியது. என் கையாலேயே. எழுதுகிறவனும் படிப்பதில்லை என்பதுதான் இந்தத் தொழிலின் சோகம்.

மறுநாளே பொருத்திவிட்டேன். முதல் நாள் என்னைத் தோளில் தூக்கி வைக்காத குறை. சீரியல் ஓடுகிறது, ஹாலில் கரண்டி தட்டில் படும் சத்தம் மட்டும் கேட்கிறது. லலிதா தட்டோடு மேசைக்குத் திரும்பி வந்தார். "சந்துரு, நீங்க நொம்ப நல்லவருங்க" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பெரிய மனிதர்கள் அப்படித்தான் ஆட்டுவார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

இரண்டாம் நாளிலிருந்து சில வித்தியாசங்கள் தெரிந்தன. சத்தமே இல்லாத ஹாலில் திடீரென்று ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் "ஐயையோ" என்பார்கள். மேசையில் சாப்பிடுகிறவர்கள் பாம்பு வந்துவிட்டது என்று காலைத் தூக்கிக்கொள்வார்கள். பழனிச்சாமி அண்ணன் ஹெட்போனைக் கழற்றாமலேயே நடமாட ஆரம்பித்தார். பாத்ரூம் வரைக்கும் சத்தம் எடுக்கிறது என்பதில் அவருக்குப் பெரிய மகிழ்ச்சி. உள்ளேயிருந்து "அவரு சொல்றது தப்புங்க" என்று குரல் வரும். யாரை என்று வெளியே இருக்கிற நாங்கள் குழம்புவோம். அக்கா பக்கத்தில் இருப்பவரிடம் தண்ணீர் கேட்டால் சமையலறையில் இருப்பவர் கொண்டுவந்து கொடுப்பார்.

இதையெல்லாம் நான் சின்னச் சின்னக் குறைகள் என்று ஒதுக்கினேன். "பழகப் பழகச் சரியாயிடும்" என்றேன். உண்மையில் எனக்கு அதைவிட முக்கியமான வேலை வந்துவிட்டது. கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன் அல்லவா, அந்த சீரியலில் மாட்டிக்கொண்டேன். சீரியல் பார்ப்பவர்களைப் பற்றி அதுவரை நான் பேசாத பேச்சில்லை. இப்போது என் காதிலும் நீல விளக்கு. நித்யா காதிலும்.

எஸ்டேட் அம்மாவும் மகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக் காப்பிக்கு வருவதாகச் சொன்னார்கள். நாங்கள் காலையிலிருந்தே கூட்டித் துடைத்தோம். தெற்கு மூலையில் கூரை ஒழுகும் இடத்துக்குக் கீழே வைத்திருந்த வாளியை எடுத்துவிட்டு, ஈரக்கறை தெரியாமல் புத்தக அலமாரியை நகர்த்தி வைத்தோம். ஒழுகுவதைப் பார்த்தால், எப்படியும் வீடு பாழாகத்தானே போகிறது, இடித்துவிடலாம் என்று மகன் சொல்லிவிடுவான் என்று பயம். பூவும் பழமும் வாங்க லலிதா ஏற்காட்டுக்கு பஸ் ஏறிப் போனார்.

அன்றைக்கு என்று பார்த்து, மதியம் அந்த சீரியலின் சிறப்புப் பகுதி. இரண்டு மணி நேரம். எல்லாவற்றையும் தின்று தீர்த்த வில்லன், குடும்பம் குடியிருக்கும் வீட்டையும் பிடுங்கிக்கொள்ள வருகிற நாள். மாலைக்குத்தானே வருகிறார்கள், அதற்குள் முடிந்துவிடும் என்று எல்லோரும் உட்கார்ந்தோம். நானும் உட்கார்ந்தேன். லலிதா ஊரில் இல்லாததால், அந்த ஹாலில் காது திறந்திருந்த ஆள் ஒருவர்கூட இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

மேகம் இறங்கி ஜன்னலெல்லாம் வெளுத்திருந்தது. உள்ளே அரை இருட்டு. எஸ்டேட் அம்மாவும் மகனும் சாலையில் கூட்டம் இல்லாததால் முன்கூட்டியே வந்து சேர்ந்துவிட்டார்கள். ஹாரன் அடித்திருக்கிறார்கள். கதவைத் தட்டியிருக்கிறார்கள். "ஏனுங்க, யாருங்க உள்ள" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பிறகு, எப்போதும் திறந்தே கிடக்கும் கதவு வழியாக அம்மா உள்ளே வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறார், மகன் வாசல்படியில் நின்றிருக்கிறான்.

அவர்கள் கண்ட காட்சியை எஸ்டேட் அம்மா பிற்பாடு சொன்னார். மங்கிய ஹாலில் இத்தனை பேர் காதோரம் நீல விளக்கு எரிய, அசையாமல், சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். "ஏதோ தியானமாட்ட இருக்குது, கலைக்கக் கூடாதுன்னு அப்படியே நின்னுட்டேன்" என்றார். என் திட்டம் அந்த ஒரு நிமிடம் நூற்றுக்கு நூறு வெற்றி பெற்றிருந்தது.

அப்போதுதான் திரையில் வில்லன் வாசல்படி ஏறினான்.

"வந்துட்டான் பாருங்க, ஊட்டப் புடுங்க" என்று கத்தினார் ராஜாமணி அக்கா.

"அவன உள்ள உடாதீங்க" என்று எழுந்தே விட்டார் பழனிச்சாமி அண்ணன். "காருல வந்து எறங்குனா பெரிய இவனா? காலு வெச்சான்னா முறிச்சுப் போடோணும்."

"கூட வர்றவளப் பாரு, ஒண்ணுந் தெரியாத பாப்பா மாதிரி" என்றார் இன்னொருவர்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே வரவேற்பு கொடுத்தோம். காரில் வந்து இறங்கிய கார்த்திக் ஒரு காலை வாசலுக்குள்ளும் ஒரு காலை வாசலுக்கு வெளியிலும் வைத்தபடி நின்றுவிட்டானாம்.

திறந்த கதவு வழியாக வந்த குளிர்காற்று கழுத்தில் பட்டு நான் மட்டும் திரும்பினேன். பார்த்தேன். திக்கென்றது. ஆனால் இந்த மாதிரி சமயத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பதறக் கூடாது. முகத்தில் புன்னகை இருக்க வேண்டும். இருவரையும் பார்த்து அழகாகச் சிரித்துக் கும்பிட்டேன். சிரிப்பைக் கலைக்காமலேயே பக்கத்தில் இருந்த நித்யாவிடம் சாய்ந்து, உதடு அசைவது தெரியாமல், ரகசியமாகச் சொன்னேன். ஹெட்போன் என் காதிலேயே இருந்தது. ஒரு வாரமாக மாட்டி மாட்டி அது இருப்பதே மறந்துபோயிருந்தது.

"நித்யா, திரும்பாத. அந்தம்மா வந்தாச்சு."

நித்யா காதிலும் ஹெட்போன். அவள் என்னைப் பார்த்து "என்ன?" என்பது போல் புருவத்தைத் தூக்கினாள். எனக்கு எரிச்சல். கையேடு எழுதுகிறவனின் பொறுமையோடு, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"அந்தம்மா வந்தாச்சு. பையன் மூஞ்சி உர்ருன்னு இருக்குது, அவன உட்ரு. அந்தம்மாதான் நமக்கு முக்கியம். வெள்ளந்தி. ஒண்ணும் தெரியாது. நல்ல காப்பியாக் குடுத்து, தோட்டம் சூப்பருன்னு நாலு வார்த்தை சொன்னாப் போதும், கையெழுத்துப் போட்ரும். கூரை ஒழுகறத மட்டும் காட்டிராத."

அந்த ஹாலில் இதைக் கேட்கக் கூடாதவர்கள் இரண்டு பேர். அதைக் கேட்க முடிந்தவர்களும் அதே இரண்டு பேர்தான். மற்ற எல்லோர் காதும் பத்திரமாக மூடப்பட்டிருந்தது. எனக்கு என் ரகசியம் கொசு ரீங்காரம் போல மண்டைக்குள் கேட்டது. வெளியே அது எப்படிக் கேட்டது என்று பிறகு தெரிந்தது. தோட்டத்தில் காரோடு நின்ற டிரைவர், யாரோ மைக்கில் பேசுகிறார்கள் என்று நினைத்தாராம்.

நான் எழுந்து, அதே புன்னகையோடு, "வாங்கம்மா வாங்க" என்று நெருங்கினேன். கார்த்திக் ஓரடி பின்வாங்கினான். எஸ்டேட் அம்மா பின்வாங்கவில்லை. என் உயரத்துக்கு நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கையையும் நீட்டி, குழந்தைக்குக் குல்லா கழற்றுவது போல, என் தலையிலிருந்த ஹெட்போனை மெதுவாகக் கழற்றினார்.

உலகம் காதுக்குள் வந்தது. ஜன்னலில் நீர் சொட்டும் சத்தம். தெற்கு மூலையில், வாளி இல்லாத இடத்தில், சிமெண்ட் தரையில் நீர் சொட்டும் சத்தம். எனக்குப் பின்னால் ராஜாமணி அக்கா "அவனச் செருப்பால அடிங்கடா" என்கிற சத்தம். அத்தனையும் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே என்று நான் வியந்த அதே நொடியில், நான் பேசியதும் இப்படித்தானே கேட்டிருக்கும் என்பது உறைத்தது. முழங்காலில் ஆரம்பித்து உச்சிவரை சூடு ஏறியது. மலையில் குடியேறிய நாளிலிருந்து எனக்கு அப்படி வியர்த்ததில்லை.

"ஏனுங்க தம்பி, இப்பக் கேக்குதுங்களா?" என்றார் எஸ்டேட் அம்மா.

"கேக்குதுங்கம்மா."

"நல்லதுங்க. மொதல்ல காப்பி குடுங்க. அப்பறம் தோட்டத்தப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க. அது முடிஞ்சு அந்த ஒழுகற எடத்தக் காட்டுங்க. வரிசையாவே போலாம்."

இந்த நேரம் பார்த்து விளம்பர இடைவேளை வந்தது. எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. ராஜாமணி அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அட, வாங்கம்மா, எப்ப வந்தீங்க? சத்தமே கேக்கலீங்களே" என்றார். பழனிச்சாமி அண்ணன் கழற்றவில்லை. "வாங்க சின்னவரே, உள்ள வாங்க" என்று அவர் கத்திய கத்தலில் கார்த்திக் வெளியே இருந்த காலையும் இன்னும் கொஞ்சம் வெளியே எடுத்து வைத்தான். பாவம், சற்று முன்னால்தான் காலை முறிப்பதாகச் சொன்ன ஆள்.

காப்பி வந்தது. நான் போட்டேன், என்னை வேறெதற்கும் யாரும் நம்பத் தயாராக இல்லை. (நித்யா என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "எங்கிட்ட என்னதான் சொன்னீங்க?") எஸ்டேட் அம்மா முழுவதும் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார். நான் தோட்டத்தைப் பற்றி வாயைத் திறந்தேன். "தோட்டம்... பச்சையா இருக்குதுங்கம்மா" என்றேன்.

"சரி, அது ஆச்சு. கூரையக் காட்டுங்க."

நானும் பழனிச்சாமி அண்ணனும் அலமாரியை நகர்த்தினோம். சுவரில் இறங்கியிருந்த ஈரக்கறையை அவர் கையால் தடவிப் பார்த்தார்.

"இது எத்தன நாளா ஒழுகுது?"

"போன மழையிலிருந்துங்க."

"ஏன் சொல்லல?"

மற்றவர்கள் அலமாரியைப் பார்த்தார்கள். கடைசியில் நான்தான் சொன்னேன். இனிமேல் இழக்க என்ன இருக்கிறது?

"சொன்னா இடிச்சுருவீங்கன்னு பயமுங்கம்மா. இங்க இருக்கறவங்களுக்கு வேற ஊடு கெடைக்குமுங்க. ஆனா எல்லாருமா ஒண்ணா இருக்கற மாதிரி ஒரு ஊடு கெடைக்காதுங்க. இருந்த ஒரு டிவியாலயே பாதிப் பேரு தனித்தனியாச் சாப்பிட ஆரம்பிச்சுட்டோம். அதச் சரி பண்ணத்தான் இந்தக் கூத்தெல்லாம்."

இதை நான் மெதுவான குரலில்தான் சொன்னேன். இந்த முறை உண்மையிலேயே மெதுவான குரல்.

கார்த்திக், "அம்மா, நான்தான் சொன்னேனே, கட்டடம் தாங்காது. சத்தம் வேற..." என்று ஆரம்பித்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இருடா கண்ணு. உங்கப்பா போனதுலருந்து எங்கிட்டப் பேசறவங்க அத்தன பேரும் காப்பி குடுத்துத் தோட்டத்தப் புகழ்ந்துட்டுத்தான் போறாங்க. எதுக்குன்னு தெரியாம நானும் சிரிச்சுட்டு உக்காந்திருக்கறேன். ஏமாத்தப் போறேன்னு ஊருக்கே கேக்கறமாதிரி சொல்லிப்போட்டு ஏமாத்த வந்த ஆளு இவரு ஒருத்தருதான்."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. அவர் சிரித்ததும் ராஜாமணி அக்கா சிரித்தார், என்ன நடந்தது என்றே தெரியாமல். பிறகு எல்லோரும். கார்த்திக்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கூரையைப் பின்பக்கமிருந்து பார்க்க வேண்டும் என்று அம்மா வெளியே நடந்தார். குடை பிடித்துக்கொண்டு நாங்கள் பின்னால் போனோம். காப்பிக் கொட்டை காயப்போடும் களத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய கொட்டகை பூட்டிக் கிடந்தது. காப்பிப்பழத் தட்டுகளும் சாக்குகளும் போட்டு வைத்து, எப்போதோ பூட்டிவிட்டுப் போனது. குத்தகையில் அது சேராது என்பதால் நாங்கள் அந்தப் பக்கம் போனதே இல்லை. அவர் காரிலிருந்து சாவிக் கொத்தை எடுத்துவரச் சொல்லி, பூட்டோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டித் திறந்தார். உள்ளே தரை உலர்ந்திருந்தது. கல் சுவர், கெட்டியான கூரை.

"டிவிய இதுல கொண்டாந்து வெச்சுக்குங்க. எவ்வளவு கத்துனாலும் அந்த ஊட்டுக்குக் கேக்காது. ஆனா அந்தக் காதுல மாட்டற சாமானம் மட்டும் எனக்கு முன்னால யாரும் மாட்டக் கூடாது. நொம்ப பயமா இருக்குது" என்றார்.

அன்றே எதுவும் முடிவாகிவிடவில்லை. அவர்கள் கிளம்பிப் போன பிறகு, பஸ்ஸில் பூவோடு வந்து இறங்கிய லலிதா, "எல்லாம் அமைதியா நடந்துச்சுங்களா?" என்று கேட்டார். ராஜாமணி அக்கா பூவை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரண்டு வாரம் நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. போன் அடித்தால் நித்யாவை எடுக்கச் சொல்வேன். கடைசியில் ஒருநாள் காலையில் கூரை வேலைக்கு ஆட்கள் வந்து இறங்கினார்கள். யார் அனுப்பியது என்று கேட்டோம். "சின்னவருதானுங்க அனுப்பிச்சாரு" என்றார் மேஸ்திரி. இடிக்கப் போகிற கட்டடத்துக்கு யாரும் ஓடு மாற்ற மாட்டார்கள். ராஜாமணி அக்கா அங்கேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். குத்தகைப் பத்திரம் அடுத்த வாரம் வந்தது.

டிவி கொட்டகைக்குப் போனது. அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு விதியும் தேவைப்படவில்லை. சீரியல் பார்க்க வேண்டும் என்றால் மழையிலும் பனியிலும் குடை பிடித்துக்கொண்டு களத்தைத் தாண்டிப் போக வேண்டும். உண்மையில் ஆசை இருக்கிறவர்கள்தான் போகிறார்கள், போகிறவர்கள் சேர்ந்து போகிறார்கள். பழனிச்சாமி அண்ணன் விவாதம் வைத்தால் கல் சுவர்தான் கேட்கிறது. சாப்பாட்டு நேரத்தில் ராஜாமணி அக்காவே எல்லோரையும் விரட்டிவிட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வருகிறார். சில மாதம் கழித்து லலிதாவும் அவரோடு போய் உட்கார ஆரம்பித்தார். கையில் புத்தகம் இருக்கும், கண் திரையில் இருக்கும். மேசையில் இப்போது இடம் பிடிக்க முந்த வேண்டியிருக்கிறது. விருந்தாளி யாராவது வந்தால் நான் அடுப்பங்கரையில் நின்றுதான் சாப்பிடுகிறேன்.

எல்லோருக்கும் எல்லாம் நல்லபடியாக முடிந்தது, என் பெயரைத் தவிர. எங்கள் கூட்டத்தில் ஒரு செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்றால், "சந்துருகிட்ட ரகசியமாச் சொல்லிரு" என்பது வழக்கமாகிவிட்டது. எஸ்டேட் அம்மா போன் செய்தால், "அந்த ரகசியத் தம்பி நல்லா இருக்காருங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார். சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் கார்த்திக் என்னைக் கண்டால், தூரத்திலிருந்தே காதைப் பொத்திக் காட்டுவான்.

இதெல்லாம் நடந்தபோது எங்கள் மகள் பிறக்கவில்லை. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன மாதம் அவளுடைய தமிழ் ஆசிரியை என்னை வரச் சொன்னார். சொல்லைக் கொடுத்து வாக்கியம் அமைக்கச் சொன்னார்களாம். கொடுத்த சொல், ரகசியம். மகள் அமைத்திருந்த வாக்கியத்தை ஆசிரியை என் முன்னால் விரித்துக் காட்டினார்.

"எங்கள் அப்பா சொல்லும் ரகசியம் அடிவாரம் வரை கேட்கும்."

பக்கத்தில் சிவப்பு மையில் சரி போட்டிருந்தது.

"மேடம், இதுக்கு எப்படிங்க சரி போட்டீங்க?" என்று கேட்டேன்.

"வாக்கியத்துல தப்பில்லீங்களே" என்றார் அவர். பிறகு கொஞ்சம் தயங்கி, "மெதுவாப் பேசுங்க சார், பக்கத்து வகுப்புல பரீட்சை நடக்குது" என்றார்.